"வித் லைனர்"னு ரெண்டு வார்த்தை போட்டா போதுமா? ஜம்போ பேக் ஆர்டர் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜம்போ பேக் (டன் கணக்குல சரக்கு ரொப்புற பெரிய துணிப்பை) வாங்குற பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் சார்கள், மேடம்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் யாருன்னு கேட்டா, நீங்க வாங்குற பேக்கை கடைசியில காலி பண்ற எடத்துல நிக்கிறவன். ஹாய்ஸ்ட்ல தூக்கி ஹாப்பருக்கு (புனல் மாதிரி தொட்டி) மேல நிறுத்தி அடிக்கயித்த அவுக்கிற ஆளு. உங்கள நேர்ல பாத்ததில்ல, ஆனா உங்க கையெழுத்து போட்ட ஆர்டர் காப்பி நிறைய பாத்திருக்கேன், அதுல என்ன இருக்கும்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். பேக் சைஸ் இருக்கும், எத்தனை கிலோ தாங்கணும்னு இருக்கும், தூக்குற லூப் எத்தனை, துணி என்ன கலர், லோகோ எந்த பக்கம் எவ்ளோ பெருசா வரணும்ங்கிற வரைக்கும் இருக்கும், கடைசியில ஒரு ஓரமா "வித் லைனர்", அதாவது உள்ள போடுற பிளாஸ்டிக் உறையோட. அவ்ளோதான். என்ன லைனர், என்ன சைஸ், எப்படி பேக்கோட சேக்கணும், ஒண்ணும் இருக்காது. அந்த ரெண்டு வார்த்தையால நாங்க படுற பாட்டத்தான் சொல்ல வந்தேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஒரு நைட் ஷிப்ட்டு. வெள்ளை பவுடர், 1000 கிலோ பேக். அடி ஸ்பௌட்ட (சரக்கு எறங்குற குழாய் வாய்) அவுத்தேன், மொதல்ல கொஞ்சம் கொட்டுச்சு, அப்புறம் நின்னுடுச்சு, பக்கவாட்டுல தட்டிப் பாத்தோம் வரல, ரெண்டு நிமிஷம் கழிச்சு திடீர்னு மொத்தமா எறங்குச்சு, எறங்கினது சரக்கு மட்டும் இல்ல, லைனரும் சேந்து எறங்கிடுச்சு. பேக்குக்குள்ள சும்மா சொருகி வச்ச ட்யூப் அது, எங்கயும் தைக்கல, எங்கயும் ஒட்டல, சரக்கு எடையில அப்படியே வழுக்கிட்டு ஹாப்பர் வழியா போயி கீழ சரக்க சுத்தி எறக்குற ரோட்டரி வால்வுல மாட்டி சுத்திக்கிச்சு. மோட்டார் ட்ரிப். கரண்ட்ட ஆஃப் பண்ணி, பூட்டு போட்டு, வால்வ கழட்டி, பிளாஸ்டிக்க துண்டு துண்டா வெட்டி எடுக்குறதுக்குள்ள விடிஞ்சிடுச்சு. அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. வெட்டுன துண்டையெல்லாம் தரையில பரப்பி சேத்து வச்சு பாத்தா கையகலத்துக்கு ஒரு துண்டு குறையுது. அது சரக்கோட போயிருக்கு. லைனருக்கு நிறமே இல்ல, சரக்கு வெள்ளை, எங்க போயி தேடுவீங்க? அந்த லாட் முழுக்க ஹோல்டு. மறுநாள் மீட்டிங்ல காரணம்னு என்ன எழுதுனாங்க தெரியுமா, "ஆப்பரேட்டர் கவனக்குறைவு". நான் அடிக்கயித்த அவுத்ததுதான் குத்தம்.

(உணவுப் பொருள் போற எடத்துல சில பேரு நீல லைனர் கேட்டு வாங்குறாங்க, ஏன்னு ரொம்ப நாள் எனக்கும் புரியல. நீல நிறத்துல சாப்பாட்டுப் பொருள் அனேகமா கிடையாது, அதனால ஒரு துண்டு கிழிஞ்சு விழுந்தாலும் கண்ணுல பட்டுடும். யாரோ என்ன மாதிரி ராத்திரி முழுக்க தேடி நொந்தவர்தான் கண்டுபிடிச்சிருக்கணும்.)

சரி, மொதல்ல லைனர் எதுக்குன்னே சில பேருக்கு சந்தேகம் இருக்கு, அத பேசிடுவோம். "துணிதான் கோட்டிங் பண்ணிருக்கே, அப்புறம் எதுக்கு உள்ள இன்னொரு பிளாஸ்டிக், வேஸ்ட்டு"ன்னு ஒருத்தர் ஒரு தடவை மெயில் போட்டிருந்தாரு. கேள்வி தப்பில்ல. ஜம்போ பேக் துணிங்கிறது பாலிப்ரொப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக் நாடாவ நெசவு பண்ணது, பாய் மாதிரிதான், நாடாவுக்கு நடுவுல இண்டு இடுக்கு இருக்கும், அத அடைக்கத்தான் ஒரு மெல்லிசு கோட்டிங். ஆனா அந்த துணிய பேக்கா மாத்தணும்னா தைக்கணும்ல? தையல்னா ஊசி ஓட்டை. 90 செ.மீ. சதுர பேக்குக்கு அடி சுத்தளவு மட்டும் 360 செ.மீ., ஒரு செ.மீ.க்கு ஒரு ஊசிக்குத்துன்னு வச்சாலே அடியில மட்டும் 360 ஓட்டை, இன்னும் பக்கத்தையல் இருக்கு, ஸ்பௌட் தையல் இருக்கு, லூப் தைச்ச எடம் இருக்கு. தையலோட நடுவுல திரி வச்சு தைச்சா பவுடர் கசியறது நல்லாவே குறையும், ஒத்துக்கிறேன். காத்துல இருக்குற ஈரம் அதுவழியா வராதுன்னு சொல்ல முடியாது.

ஈரத்த பத்தி நாம அசட்டையா இருக்கோம். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு எல்லை உண்டு, காத்துல ஈரப்பதம் அத தாண்டிடுச்சுன்னா சரக்கு தானா தண்ணிய இழுக்க ஆரம்பிச்சிடும். சாதா உப்புக்கு அது சுமாரா 75 சதவீதம், யூரியாவுக்கு 30 டிகிரியில 72, 73, அமோனியம் நைட்ரேட்டுக்கு 60க்கும் கீழ. மழைக்காலத்துல குடோன் கதவ தொறந்து வச்சா காத்து ஈரம் இந்த மூணையும் சாதாரணமா தாண்டும். காஸ்டிக் சோடா பில்லை, கால்சியம் குளோரைடு எல்லாம் இன்னும் மோசம், தொறந்து வச்சா கண்ணு முன்னாடியே கசகசன்னு ஆயிடும். கப்பல்ல போற சரக்குக்கு வேற கூத்து. பகல்ல கண்டெய்னர் சூடாகும், ராத்திரி மேல் தகடு குளுந்துடும், உள்ள இருக்குற ஈரம் அந்த தகட்டுல வேர்த்து சொட்டு சொட்டா பேக் தலையிலேயே விழும். வெளிய மழையே இல்ல, உள்ள மழை. அதனால லைனர் வேண்டாம்னு சொல்றவன் நான் இல்ல. லைனர் வேணும், ஆனா என்ன லைனர்னு எழுதி வாங்குங்கன்னுதான் சொல்றேன்.

இங்க ஒரு வில்லங்கம் இருக்கு. லைனர் வெளி ஈரத்த உள்ள விடாது, சரி, உள் ஈரத்த வெளியவும் விடாது. ட்ரையர்லேர்ந்து வந்த சரக்க சூடு ஆறாம அப்படியே ரொப்பி, வாய இறுக்கி கட்டிட்டா என்னாகும், ராத்திரி பேக்கோட வெளிப்பக்கம் முதல்ல குளுரும், நடுவுல சூடு அப்படியே இருக்கும், நடுவுல இருக்குற ஈரம் ஓரத்துக்கு வந்து லைனர் ஓரமா வேர்க்கும். காலி பண்ணும்போது பாத்தா நடுவுல மாவு மாதிரி சரக்கு, சுத்தி ஓடு மாதிரி கட்டி. உடனே "லைனர் லீக்கு, சப்ளையருக்கு கம்ப்ளைண்ட் போடு"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. லைனர்ல ஒரு ஓட்டையும் இருக்காது. அது தன் வேலைய ஒழுங்கா பண்ணதுதான் வினையே. இதுக்கு மருந்து லைனர்ல இல்ல, ரொப்புற எடத்துல சரக்க ஆற விடுறதுல இருக்கு. இன்னொன்னு, பாலித்தீன் லைனர் சுமாரா 110 டிகிரி பக்கம் உருகிடும், அதுக்கு ரொம்ப முன்னாடியே இளகி தொங்க ஆரம்பிச்சிடும், பேக் துணி 160 வரைக்கும் உருகாது. பேக் தாங்குதேன்னு சூடான சரக்க கொட்டினா உள்ள இருக்குறது பொத்துக்கும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.

இப்ப மைக்ரான் கதை, அதாவது லைனரோட தடிமன். கம்ப்ளைண்ட் வந்தா உங்க டிபார்ட்மென்ட்டுக்கு தெரிஞ்ச ஒரே வைத்தியம் "தடிமனான லைனர் போடு". 50 மைக்ரான் பத்தலயா 75, அதுவும் பத்தலயா 100. (பழைய ஆளுங்க கேஜ்ல பேசுவாங்க, 200 கேஜ்னா 50 மைக்ரான், 400ன்னா 100.) ஆனா வந்த கம்ப்ளைண்ட் எதுக்குன்னு பாக்கணும்ல. சரக்கு ஆக்சிஜன் பட்டு கெட்டுப்போகுதுன்னா வெறும் பாலித்தீன எவ்ளோ தடிமனாக்கினாலும் பெருசா புண்ணியமில்ல, பாலித்தீன் ஈரத்த நல்லா தடுக்கும், ஆக்சிஜன தாராளமா விடும். அதுக்கு ஈவிஓஎச்ங்கிற பிளாஸ்டிக்க நடுவுல ஒரு அடுக்கா வச்ச லைனர் வேணும். அதையும் தனியா போட முடியாது, ஈரம் பட்டா அதோட தடுப்பு சக்தி போயிடும், அதனாலதான் ரெண்டு பக்கமும் பாலித்தீன வச்சு நடுவுல ஒளிச்சு வைக்கிறாங்க. நைலான் சிப்ஸ் மாதிரி துளி ஈரமும் ஆகாத சரக்குன்னா அலுமினியம் ஃபாயில் லைனர். அதுக்கும் ஒரு குணம் இருக்கு, மடிச்சு மடிச்சு கசக்குனா மடிப்புல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், பழைய பேப்பர் மாதிரி கசக்கி உள்ள திணிச்சா அதுக்கு கொடுத்த காசு போச்சு.

கிழியறதுக்கு கூட பாதி நேரம் காரணம் மைக்ரான் இல்லங்க, சைஸ். இத தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க. எடைய தாங்க வேண்டியது துணி, லைனர் துணி மேல சாஞ்சு நிக்கணும், அவ்ளோதான் அதுக்கு வேலை. லைனர் பேக்க விட சின்னதா இருந்தா என்னாகும், துணி இறுகுறதுக்கு முன்னாடி லைனர் இறுகும், ஒரு டன் எடையும் அந்த மெல்லிசு பிளாஸ்டிக்ல விழும், சீல் போட்ட எடத்துல பிச்சுக்கும். அதுக்கு 150 மைக்ரான் போட்டாலும் பிச்சுக்கும். 90 செ.மீ. சதுர பேக்குன்னா சுத்தளவு 360, ட்யூப்ப தட்டையா போட்டா 180 அகலம், அதுதான் பார்டர், அதுக்கு மேல கொஞ்சம் கூட கேளுங்க. நீளத்துலயும் இதே தப்புதான். பேக் உயரம் 110ன்னா லைனர் 110 இல்ல. அடி மூட பாதி அகலம் 45, மேல மூட 45, அதுக்கு மேல கழுத்து முறுக்கி கட்ட தனியா வேணும், ஸ்பௌட் இருந்தா அந்த நீளமும் சேக்கணும். இந்த கணக்க யாரும் போடாம வந்த லைனர்ல கழுத்து கட்ட எடமே இல்லாம, ரொப்புற எடத்துல பசங்க வாய ரெண்டா மடிச்சு டேப் ஒட்டி அனுப்பினத நான் பாத்திருக்கேன். இத்தனை செலவு பண்ணி வாய தொறந்து வச்சு அனுப்புறதுக்கு லைனரே இல்லாம அனுப்பலாம். கழுத்த நல்லா முறுக்கி, அத அன்னக்கழுத்து மாதிரி வளைச்சு மடக்கி, அதுக்கு மேல கேபிள் டை போட்டாத்தான் அது கட்டு.

அதுக்காக ரொம்ப பெருசாவும் வேண்டாம். தொளதொளன்னு இருந்தா மடிப்பு விழும், ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் சரக்கு ஒளிஞ்சுக்கும், காலி பண்ணி முடிச்சு லைனர உதறினா கிலோ கணக்குல கொட்டும். ரொப்புறதுக்கு முன்னாடி லைனருக்குள்ள காத்து ஊதி மடிப்ப விரிச்சிட்டு ரொப்புனா பாதி பிரச்சனை போயிடும், அதுக்கு ஒரு ப்ளோயர் போதும். இல்லன்னா ஃபார்ம் ஃபிட்னு சொல்றாங்கல்ல, பேக்கோட வடிவத்துக்கே, ஸ்பௌட் உட்பட வெட்டி சீல் பண்ணது, அது வாங்குங்க, விலை கூடத்தான், ஆனா என் அனுபவத்துல காலி பண்றதுக்கு அதுக்கு மிஞ்சினது இல்ல. அடி ஸ்பௌட் இருக்குற பேக்குன்னா லைனர துணியோட சேத்து வாங்கியே ஆகணும், ஓரத்துல காது வச்சு தைச்சதோ, பசை போட்டு ஒட்டினதோ, எதுவா இருந்தாலும் சரி. ஒரே ஒரு வரி, "லைனர் பேக்கோட பொருத்தப்பட்டிருக்கணும்", அன்னைக்கு உங்க ஆர்டர்ல அது இருந்திருந்தா நான் அந்த ராத்திரி தூங்கியிருப்பேன்.

அடுத்தது கொஞ்சம் பயமான விஷயம், வேகமா ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. ஸ்டாட்டிக்.

பவுடர் கொட்டும்போது உராய்ஞ்சு கரண்ட் ஏறும், சட்டைய கழட்டும்போது பொறி பறக்குதே அதேதான், ஆனா இங்க ஒரு டன் சரக்கு. எரியக்கூடிய தூசியோ சால்வென்ட் ஆவியோ இருக்குற எடத்துல அது விளையாட்டு இல்ல. அதனாலதான் ஐஇசிங்கிற சர்வதேச மின் தர அமைப்போட 61340-4-4ங்கிற தரத்துல பேக்க ஏ, பி, சி, டின்னு நாலா பிரிச்சிருக்காங்க. ஏங்கிறது சாதா பேக், ஸ்டாட்டிக்குக்கு எந்த பாதுகாப்பும் இல்ல. பி, 6 கிலோவோல்ட்டுக்குள்ள துணி வழியாவே மின்சாரம் பாஞ்சுடும், அதனால பெரிய பொறி சேராது, தூசிக்கு ஓகே, ஆவி இருக்குற எடத்துக்கு ஆகாது. சி, துணி முழுக்க கரண்ட் கடத்துற நூல் ஓடும், கட்டாயம் எர்த் பண்ணணும். டி, எர்த் இல்லாமலே தானா கரண்ட்ட கசிய விட்டுடும். இது வரைக்கும் உங்கள்ல பல பேருக்கு தெரியும், டைப் சி பேக்குன்னு கரெக்ட்டா கேட்டு நல்ல விலையும் கொடுத்து வாங்குவீங்க. அதே ஆர்டர்ல கடைசி வரி, "வித் லைனர்". சப்ளையர் என்ன பண்ணுவாரு, கையில இருக்குற சாதா பாலித்தீன் ட்யூப்ப சொருகி அனுப்பிடுவாரு. சரக்குக்கும் எர்த் பண்ண துணிக்கும் நடுவுல ஒரு கரண்ட் கடத்தாத பிளாஸ்டிக். வெளிய நான் கிளிப்ப மாட்டி பக்காவா எர்த் பண்ணிருப்பேன், உள்ள சரக்கும் லைனரும் பாட்டுக்கு கரண்ட்ட சேத்துக்கிட்டு இருக்கும்.

அதே தரத்துல லைனருக்கும் எல்1, எல்2, எல்3ன்னு வகை இருக்குங்க. எல்1 கரண்ட் கடத்துறது, டைப் சி பேக்குக்கு, பேக்கோட எர்த் பாயிண்ட்டோட அதையும் சேத்து இணைக்கணும். எல்2 மெதுவா கசிய விடுறது, பி, சி, டி மூணுலயும் போடலாம். எல்3 கரண்ட் கடத்தாது, டைப் பிக்குள்ள மட்டும்தான், அதுவும் 4 கிலோவோல்ட்டுக்குள்ள அது வழியா மின்சாரம் பாஞ்சுடணும்னு நிபந்தனை. இத கவனிங்க, பிளாஸ்டிக் தடிமன் ஆக ஆக அந்த வோல்டேஜ் ஏறும். அதாவது நீங்க ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு 150 மைக்ரான் போட்டீங்களே, அதுவே சில எடத்துல ஆபத்து. காலி பண்ணி முடிச்ச சாதா லைனர ஆவி இருக்குற எடத்துல பேக்லேர்ந்து உருவுறதும் அப்படித்தான், உருவும்போதே பொறி வரும். நாங்க அத தினம் கையாலதான் உருவுறோம்.

ஆபத்தான சரக்குக்கு யூஎன் (ஐ.நா.) விதிப்படி டெஸ்ட் பண்ணி நம்பர் போட்ட பேக் வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நெய்த பிளாஸ்டிக் பேக்குன்னா 13எச்1, கோட்டிங் இல்ல லைனரும் இல்ல, 13எச்2 கோட்டிங் மட்டும், 13எச்3 லைனர் மட்டும், 13எச்4 ரெண்டும். அந்த டெஸ்ட் பாஸ் ஆனது அந்த பேக்கும் அந்த லைனரும் சேத்து. 13எச்2 வாங்கி வச்சுட்டு உள்ள நாமளா ஒரு லைனர சொருகி 13எச்4 ஆக்கிட முடியாது. செலவு மிச்சம்னு லைனர மட்டும் வேற ஆள்கிட்ட வாங்குறதும் அதே கதைதான்.

நைட்ரஜன் ஊதி பேக் பண்ற சரக்குக்கு வெளிய பெருசா ஒரு ஸ்டிக்கர் ஒட்ட சொல்லுங்க. கட்டி பட்டிருக்கான்னு பாக்க லைனர் வாய தொறந்து தலைய உள்ள விடுறது எங்க பசங்களுக்கு பழக்கம். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, ரெண்டு மூச்சுல ஆளு விழுந்துடுவான்.

எல்லா சரக்குக்கும் லைனர் போட்டே ஆகணும்னும் இல்ல. மூச்சு விடுற சரக்கு இருக்கு, வெங்காயம் உருளை மாதிரி, அதுக்கு காத்தோட்டமான வலைத்துணி பேக்தான், லைனர் போட்டா அழுகிடும். ஜல்லி மாதிரி நனைஞ்சா ஒண்ணும் ஆகாததுக்கு எதுக்கு? தேவையில்லாத லைனரால குப்பைதான் கூடும். தேவையானதுக்கு போட்டா காலி ஆனதும் லைனர தனியா பேக்க தனியா பிரிச்சு வைக்கணும், ஒண்ணு பாலித்தீன் இன்னொன்னு பாலிப்ரொப்பிலீன், கலந்து கொடுத்தா மறுசுழற்சிக்காரன் மூஞ்சிய சுளிப்பான். பிரிக்க சுலபமா இருக்கணும்னா அதையும் ஆர்டர் போடும்போதே யோசிக்கணும், மொத்த நீளத்துக்கும் பசை போட்டு ஒட்டினத பிரிக்கிறது பெரும்பாடு. இது மேல நான் சொன்னதுக்கு கொஞ்சம் முரண்தான், தெரியும், பொருத்தவும் வேணும் பிரிக்கவும் வேணும்னு கேக்குறேன். நாலு எடத்துல காது வச்சு தைச்சது இதுக்கு தோது, கத்தரிக்கோல்ல நாலு வெட்டு, முடிஞ்சுது. அதே பேக்க மறுபடி ரொப்பலாம்னு நினைச்சா அது பல தடவை உபயோகிக்க செஞ்சதான்னு லேபிள பாருங்க, சொன்ன எடைய போல 6 மடங்கு தாங்குறதா இருக்கணும், 5 மடங்குன்னா ஒரு தடவைக்குத்தான். லைனர் எதுவா இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் புதுசு.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அந்த "வித் லைனர்" இருக்குற எடத்துல ஒரு அரைப்பக்கம் எழுதுங்க. சரக்கு என்ன, ரொப்பும்போது எத்தனை டிகிரி, பயம் ஈரமா ஆக்சிஜனா தூசியா, லைனர் சுத்தளவு நீளம், எந்த ரகம், பேக்கோட எப்படி பொருத்தறது, காலி பண்ற எடத்துல ஆவியோ எரியுற தூசியோ இருக்கா. கடைசி கேள்விக்கு உங்க கிட்ட பதில் இருக்காது, அதுக்கு எங்களுக்கு ஒரு போன் அடிங்க, நம்பர் உங்க ஆபீஸ்லயே இருக்கு. இன்னொன்னு, புது சப்ளையர்கிட்ட ஆயிரம் பேக் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு பேக் வாங்கி சரக்கு ரொப்பி எங்க கிட்ட அனுப்புங்க, காலி பண்ணி பாத்து சொல்றோம். முடிஞ்சா அன்னைக்கு நீங்களும் வாங்க. ஹாப்பர் பக்கத்துல நின்னு அடிக்கயித்த நீங்களே அவுத்து பாருங்க, நல்ல சட்டை மட்டும் போட்டுட்டு வராதீங்க.

இப்படிக்கு,
பேக்குக்கு அடியில நிக்கிற உங்க ஆளு